கிடைக்காவிட்டால் யார் முதுகு?



2019ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் தாழ்வாரத்தில் நாங்கள் சிலர் அமர்ந்திருந்தோம். ஆண்டுதோறும் அந்தத் தேதியில் அங்கே பேசப்படும் துயரம் ஒன்று உண்டு. அன்று அதனை எவரும் எடுக்கவில்லை. எல்லோர் வாயிலும் ஐதராபாத்தே இருந்தது. கால்நடை மருத்துவரான ஓர் இளம்பெண்ணை நவம்பர் 27ஆம் நாள் இரவில் நாசம் செய்து கொன்று எரித்ததாகப் பிடிக்கப்பட்ட நால்வரையும் அன்று அதிகாலையில் காவல்துறையினர் சுட்டுக் கொன்றுவிட்டனர். நடந்ததை நடித்துக் காட்டச் சொல்லி அழைத்துச் சென்றபோது, துப்பாக்கியைப் பறித்துத் தாக்கினார்கள் என்றும், அதனால் சுட நேர்ந்தது என்றும் அறிவிக்கப்பட்டது. மக்கள் திரண்டு வந்து காவலர்கள் மீது மலர் தூவினார்கள். இனிப்பு வழங்கினார்கள்.

எங்கள் தாழ்வாரத்திலும் மகிழ்ச்சிதான். எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் என் தொடையில் தட்டிச் சொன்னார்: "இனிமே பாருங்க ஹஜ்ரத், மனித உரிமைன்னு ஒரு கூட்டம் கிளம்பும். செத்துப்போன பொண்ணுக்கு உரிமை இல்லையாம், கொன்னவனுக்கு மட்டும் உரிமையாம்."

நான் மறுத்துப் பேசவில்லை. உண்மையைச் சொல்வதானால், என் உள்ளத்திலும் ஒரு மூலையில் நிறைவு இருந்தது. எனக்கும் பெண் மக்கள் இருக்கிறார்கள்.

அந்தப் பெரியவரின் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. மனித உரிமை பேசுவோரில் பலர் அதனைத் தள்ளிவிட்டுப் பேசுவதால்தான் அவர்களுடைய பேச்சு நம் இல்லங்களுக்குள் நுழைவதில்லை. மகளை இழந்த தாயிடம் போய் அரசியல் சாசனத்தின் பிரிவு எண்களைச் சொல்ல எவருக்கு நா எழும்? டில்லியில் 2012 டிசம்பர் 16ஆம் நாள் ஓடும் பேருந்தில் மாணவி ஒருத்திக்கு நேர்ந்த கொடுமையை நாடே அறியும். விரைவு நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றம் 2017இல் அதனை உறுதி செய்தது. தண்டனை நிறைவேறியதோ 2020 மார்ச் 20ஆம் நாள்! ஐதராபாத்தில் மலர் தூவியவர்கள் இந்தத் தாமதத்தைப் பார்த்துச் சலித்தவர்கள். அவர்களைக் கொடியவர்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஐதராபாத்துப் பெண்ணைக் காணவில்லை என்று அவளுடைய குடும்பத்தார் அன்றிரவு காவல் நிலையத்திற்கு ஓடியபோது, இது எங்கள் எல்லையில் வராது என்று அலைக்கழித்ததாகப் புகார் எழுந்தது. வழக்கைப் பதிவு செய்வதில் தாமதம் காட்டியதற்காகக் காவலர்கள் மூவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். பாதிக்கப்பட்டவளுக்கு உரிய உரிமை அங்கேதான் மறுக்கப்பட்டது. அதனை மறுத்தவர்கள் மனித உரிமைக்காரர்கள் அல்லர். ஒன்பது நாள் கழித்து நால்வரைச் சுட்டதால் அந்த இரவின் தவறு நேராகிவிடவில்லை. மலர்களின் கீழே அது மறைந்து போயிற்று, அவ்வளவுதான்.

உச்சநீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி சிர்புர்கர் அவர்களின் தலைமையில் விசாரணை ஆணையம் ஒன்றை அமைத்தது. அதன் அறிக்கை 2022 மே மாதம் வெளியாயிற்று. கைதிகள் துப்பாக்கியைப் பறித்தார்கள் என்ற கதை நம்பத்தக்கதன்று. அவர்கள் சாக வேண்டும் என்ற எண்ணத்துடனேயே சுடப்பட்டார்கள். நால்வரில் மூவர் சம்பவத்தின்போது பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். காவல்துறையினர் பத்துப் பேரைக் கொலைக் குற்றத்திற்காக விசாரிக்க வேண்டும் - இவை ஆணையத்தின் முடிவுகள். அன்று இனிப்பு வழங்கியவர்களில் எத்தனை பேர் இந்தச் செய்தியைப் படித்தார்கள்? நாளிதழின் உட்பக்கத்தில் நானே தற்செயலாகத்தான் கண்டேன்.

அந்த நால்வரே அக்கொடுமையைச் செய்தவர்களாக இருக்கலாம். ஆனால் சாட்சிகளை நிறுத்தி, குறுக்கு விசாரணை செய்து, தடயங்களைச் சோதித்து அறியும் வாய்ப்பு இனி ஒருவருக்கும் இல்லை. அந்தப் பெண்ணின் பெற்றோருக்கும் இல்லை.

"சந்தேகம் என்ன இருக்கிறது, அவர்களே ஒப்புக்கொண்டார்களே" என்று கேட்பீர்கள். இதற்கு விடையாக, ஐதராபாத்துக்கு இரண்டாண்டுகள் முன்பு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2017 செப்டம்பர் 8ஆம் நாள், டில்லியை அடுத்த குருகிராமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் கழிப்பறையில் ஏழு வயதுச் சிறுவன் கழுத்தறுபட்டுக் கிடந்தான். அன்றைக்கே அப்பள்ளிப் பேருந்தின் நடத்துநர் பிடிக்கப்பட்டார். தொலைக்காட்சிக் கருவிகளின் முன்னே நின்று "நான்தான் செய்தேன்" என்று அவரே சொன்னார். ஊர் கொதித்தது. அவருக்காக வாதாடுவதில்லை என்று உள்ளூர் வழக்கறிஞர்கள் முடிவெடுத்தார்கள். அந்த மனிதரைத் தூக்கிலிட வேண்டும் என்று நம் வீடுகளிலும் பேசினோம்.

வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாறியது. நவம்பரில் அத்துறை, நடத்துநருக்கும் கொலைக்கும் தொடர்பில்லை என்று சொல்லி, அதே பள்ளியின் 11ஆம் வகுப்பு மாணவன் ஒருவனைப் பிடித்தது. 2018 பிப்ரவரியில் நடத்துநர் வழக்கிலிருந்தே விடுவிக்கப்பட்டார். அடித்தும் துன்புறுத்தியும்தான் தம்மை அவ்வாறு சொல்ல வைத்தார்கள் என்று அவர் கூறினார். குழந்தையைக் கொன்றவன் என்ற கோபத்தில் முதல் வாரத்திலேயே அவரையும் 'நடித்துக் காட்ட' அழைத்துச் சென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மலர் தூவியிருப்போம். வழக்கு முடிந்திருக்கும். வேறெவரையும் தேடியிருக்கவே மாட்டார்கள்.

இவ்விடத்தில் மொழியைப் பற்றி ஒரு சொல். நான் கலைக் கல்லூரியிலும் சில ஆண்டுகள் படித்தவன் என்பதால் இந்தப் பழக்கம் விடுவதில்லை. நம் நாளேடுகள் ஒருவரைப் பிடித்த அன்றே "குற்றவாளி கைது" என்று போடுகின்றன. 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்பது நீளம், தலைப்பில் அடங்காது. 'சந்தேகத்துக்கு உள்ளானவர்' அதனினும் நீளம். இடம் போதாமையால் ஒரு மனிதன் குற்றவாளியாகிவிடுகிறான்! நாமும் தேநீர்க் கடையில் அவ்வாறே சொல்கிறோம். "குற்றவாளிக்கு என்ன உரிமை?" என்ற கேள்வியே இந்தச் சொற்குழப்பத்தில் பிறந்ததுதான். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டவனுக்குத் தண்டனை உண்டு. அதனை எந்த மனித உரிமைச் சட்டமும் தடுக்கவில்லை. விவாதமெல்லாம், இவன்தானா அவன் என்று இன்னும் தெரியாத இடைக்காலத்தைப் பற்றியது.

இந்தப் பாதுகாப்புகள் மேலைநாட்டார் அண்மையில் கண்டுபிடித்து நம் தலையில் கட்டியவை என்று எண்ணுவோர் உண்டு. நம் நாட்டுச் சட்டத்தில் அவை நுழைந்த வரலாற்றில் நம் தமிழ் மண்ணுக்கே பங்குண்டு. கும்பினி ஆட்சியில் சென்னை மாகாணத்தில் வரி வசூலிப்பவர்களும் காவல் சேவகர்களும் குடிகளை வதைக்கிறார்கள் என்ற பேச்சு 1854இல் இலண்டன் பாராளுமன்றம் வரை எட்டியது. விசாரிக்க மூவர் கொண்ட ஆணையம் அமைந்தது. 1855இல் வந்த அதன் அறிக்கை இன்றும் நூலகங்களில் கிடைக்கிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் நேரிலும் கடிதத்திலும் முறையிட்டார்கள். கைவிரல்களை மரக்கட்டைகளுக்கு இடையே வைத்து நெரிக்கும் 'கிட்டி', ஆங்கில அறிக்கையில் அதே பெயரில் பதிவாகியிருக்கிறது. கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்துக் குனிந்த நிலையில் வெயிலில் நிறுத்துவதும் அதில் உண்டு. நம் பாட்டிமார் பிள்ளைகளை மிரட்டும்போது "கிட்டி போட்டு நெரிச்சிடுவேன்" என்பார்களே, அந்தக் கிட்டிதான்.

பின்னர் 1861இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும், 1872இன் சாட்சியச் சட்டத்திலும் ஒரு விதி ஏறியது. காவல் அதிகாரியிடம் ஒருவர் அளித்த குற்ற ஒப்புதலை அவருக்கு எதிராக மெய்ப்பிக்கலாகாது என்பதே அது. அடிமை நாட்டில் ஆங்கிலேயன் எழுதிய சட்டம் அது. குடிகள் மீது கொண்ட பாசத்தால் அவன் எழுதவில்லை. அடித்து வாங்கும் ஒப்புதலால் உண்மைக் குற்றவாளி தப்பிவிடுகிறான் என்று கணக்குப் பார்த்தே எழுதினான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் 23ஆம் பிரிவாக அவ்விதி நிற்கிறது.

ஆனால் அந்த விதிக்கு அருகிலேயே ஒரு விலக்கும் உண்டு. கைதி சொன்ன தகவலைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தத் தகவல் மட்டும் சாட்சியமாகும். நகையோ கத்தியோ வெளிப்பட்டால் போதும். கதவை முற்றிலும் அடைக்காமல் ஒரு விரற்கடை திறந்து வைத்தது போலாயிற்று. "பொருளை எடுத்துக் கொடுத்துவிடு" என்று அடிக்கும் பழக்கம் நிலைத்திருப்பதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம் என்று சட்டம் அறிந்தோர் சொல்வார்கள்.

பொருள் கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால்?

இந்தக் கேள்வியை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கேட்டுவிட்டார். எங்கள் மதரஸாவில் ஆண்டுதோறும் அபூதாவூது ஹதீஸ் நூலின் தண்டனைகள் பகுதியைப் பாடம் நடத்தும்போது அந்த அறிவிப்பு வரும். நபித்தோழர் ஹஜ்ரத் நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்கள் அதிகாரப் பொறுப்பில் இருந்த காலம். ஒரு கூட்டத்தாரின் பொருள் களவு போயிற்று. அவர்கள் நெசவாளர்கள் சிலர் மீது சந்தேகம் கொண்டு பிடித்துக்கொண்டு வந்தார்கள். நுஃமான் அவர்கள் அந்நெசவாளர்களைச் சில நாள் காவலில் வைத்திருந்து, பின் விட்டுவிட்டார்கள். பொருளை இழந்தவர்கள் கொதித்து வந்தார்கள். அடிக்கவுமில்லை, சோதிக்கவுமில்லை, எப்படி விடலாம் என்று கேட்டார்கள்.

நுஃமான் அவர்கள் அடிப்பதற்கு மறுப்புச் சொல்லவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்கள். நீங்கள் விரும்பினால் அடிக்கிறேன். உங்கள் பொருள் வெளிப்பட்டால் நல்லது. வெளிப்படாவிட்டால் அவர்கள் முதுகில் விழுந்த அடிகளை எண்ணி உங்கள் முதுகிலிருந்து எடுத்துக்கொள்வேன் என்றார்கள். வந்தவர்கள் திகைத்து, இது உம்முடைய தீர்ப்பா என்று கேட்க, இது அல்லாஹ்வும் அவனுடைய தூதரும் வகுத்த தீர்ப்பு என்று விடையளித்தார்கள்.

நூலாசிரியர் அபூதாவூது அவர்களே, முறையிட வந்தவர்களை அச்சுறுத்தவே அவ்வாறு சொல்லப்பட்டது என்று குறிப்பு எழுதியிருக்கிறார்கள். கலீஃபா ஹாரூன் ரஷீதுக்குத் தலைமை நீதிபதியாக இருந்த இமாம் அபூயூசுஃப் அவர்கள் தம் 'கிதாபுல் கராஜ்' நூலில், வெறும் குற்றச்சாட்டின் பேரில் மனிதரைச் சிறையில் தள்ளுவதையும் அடித்து ஒப்புதல் வாங்குவதையும் கண்டித்திருக்கிறார்கள். ஆட்சியாளருக்கே முகத்துக்கு நேராக எழுதிய அறிவுரை அது. களவுக்குப் பேர்போனவனை அடித்து விசாரிக்கலாம் என்று கருதிய சட்ட அறிஞர்களும் பிற்காலத்தில் இருந்தார்கள். அதனையும் நான் மறைக்கவில்லை. விவாதம் இன்று தொடங்கியதன்று என்பதற்கு அதுவும் சான்றுதானே.

இந்தப் பாடத்தை நான் மாணவனாக ஓதினேன். ஆசிரியனாகப் பலமுறை நடத்தினேன். ஆனால் அதன் பொருளை நான் கற்றது ஓதியபோதன்று. இதுவரை இப்பக்கத்தில் எழுதாத ஒன்றை எழுதுகிறேன்.

இருபது ஆண்டுகள் இருக்கும். நான் புதிதாகப் பணியில் சேர்ந்து விடுதிப் பொறுப்பையும் ஏற்றிருந்த நேரம். வளைகுடா நாட்டிலிருந்து ஒரு மாணவனுடைய தந்தை பெருநாள் உடுப்புக்கென்று அனுப்பிய எண்ணூறு ரூபாய் காணாமற்போயிற்று. அன்று அது பெரிய தொகை. அந்த அறையில் இருந்தவர்களில் மிக ஏழை ஒருவன் இருந்தான். பன்னிரண்டு வயது. தந்தை இல்லாதவன். இரண்டு நாள் முன்பு அவன் கடையில் புதிய பேனா வாங்கியதைப் பார்த்ததாக ஒரு மாணவன் சொன்னான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

தனியறைக்கு அழைத்தேன். "ஹஜ்ரத், நான் எடுக்கலை" என்றான். பிரம்பை எடுத்தேன். மூன்று அடி வரையில் அதே சொல். நான்காவது அடியில் அழுதான். "எங்கே வைத்திருக்கிறாய், கிணற்றடியிலா?" என்று கேட்டேன். அவன் கிணற்றடிப் பக்கம் அடிக்கடி போவதை நான் கண்டிருந்தேன். ஆறாவது அடியில், "ஆமாம் ஹஜ்ரத், கிணற்றடியில்தான்" என்றான்.

பெருமூச்சு விட்டேன். திருடனைக் கண்டுபிடித்துவிட்ட நிறைவு! நான்கு மாணவர்களை அனுப்பித் தோண்டச் சொன்னேன். இல்லை. திரும்பி வந்து, பொய் சொன்னதற்காக மீண்டும் அடித்தேன். "கூரையிலா?" "ஆமாம் ஹஜ்ரத்." கூரையிலும் இல்லை.

மறுநாள் மாலை, பணத்தைப் பறிகொடுத்த மாணவனே வந்தான். அவனுடைய தகரப் பெட்டியின் அடியில் விரித்திருந்த செய்தித்தாளின் கீழே எட்டு நூறு ரூபாய்த் தாள்களும் இருந்தன. பத்திரமாக இருக்கட்டும் என்று தானே அங்கே வைத்துவிட்டு மறந்துபோயிருக்கிறான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பெரும்பாலோர் அடியை நினைத்து வருந்தினேன் என்று எண்ணுவார்கள். அதற்கும் வருந்தினேன். ஆனால் என்னைக் கலங்கடித்தது வேறொன்று. கிணற்றடி என்பதை அவன் சொல்லவில்லை, நான் சொன்னேன். கூரை என்பதையும் நானே சொன்னேன். என் ஊகத்தை அவன் வாயில் வைத்து, பிரம்பால் அதனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, உண்மை வெளிவந்துவிட்டது என்று மகிழ்ந்திருக்கிறேன். தொலைக்காட்சியின் முன்னால் ஒப்புக்கொண்ட அந்த நடத்துநரைப் பற்றிப் படித்தபோது, என் காதில் விழுந்தது "ஆமாம் ஹஜ்ரத்" என்ற குரல்தான்.

மறுநாளே அந்தப் பையனுடைய தாயார் வந்து அவனை அழைத்துச் சென்றுவிட்டார். நான் பின்னாலேயே போய் அவர்கள் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மையார் என்னைக் கடிந்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "ஓதிக் கொடுக்கிறவங்க அடிக்கிறதுதானே" என்றார். நுஃமான் (ரலி) அவர்களின் தீர்ப்புப்படி பார்த்தால் என் முதுகுக்குக் கணக்கு ஒன்று பாக்கி நிற்கிறது.

சரி, நம் சமுதாயத்திற்கு வருவோம். பொடாச் சட்டம் 2002 முதல் 2004 வரை இருந்தது. மேலே சொன்ன பழைய பாதுகாப்பை அது நீக்கி, காவல் கண்காணிப்பாளர் எழுதி வாங்கும் ஒப்புதலையே சாட்சியமாக்கியது. அதன் விளைவை நாம் அறிவோம். 2002 செப்டம்பரில் குஜராத்தின் காந்திநகரிலுள்ள அக்ஷர்தாம் கோயிலில் புகுந்தவர்கள் முப்பதுக்கும் மேற்பட்ட அப்பாவி மக்களைக் கொன்றார்கள். கொடிய செயல். அதற்காகப் பிடிக்கப்பட்டவர்களில் ஆறு பேருக்குப் பொடா நீதிமன்றம் தண்டனை அளித்தது. மூவருக்குத் தூக்கு. அந்த மூவரில் ஒருவர் மதரஸாவில் ஓதிக் கொடுத்த முஃப்தி. பெரிதும் ஒப்புதல் வாக்குமூலங்களை நம்பி நின்ற வழக்கு அது. 2014 மே 16ஆம் நாள் உச்சநீதிமன்றம் ஆறு பேரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலை செய்தது. நாடாளுமன்றத் தேர்தல் முடிவுகள் வெளிவந்த அதே நாள். செய்தியைக் கவனித்தவர்கள் சிலரே. அந்த முஃப்தி பதினோர் ஆண்டுகளைச் சிறையில் கழித்திருந்தார்.

அந்தத் தீர்ப்பைப் படித்து நாம் கண்ணீர் விட்டோம். மனித உரிமை வேண்டும் என்று மேடை போட்டுப் பேசினோம். ஐந்தாண்டுகள் கழித்து, ஐதராபாத்தில் சுடப்பட்டவர்கள் நம்மவர்களா இல்லையா என்று கூடப் பாராமல் தாழ்வாரத்தில் மகிழ்ந்தோம். (நால்வரில் ஒருவர் நம் சமுதாயப் பெயர் கொண்டவர் என்று பிறகு தெரிந்தபோது சிலர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அதுவும் எனக்கு உறுத்தலாகவே இருந்தது.) நம் பிள்ளை பிடிபட்டால் சட்டத்தின் பாதுகாப்பு, வேறொருவர் பிள்ளை பிடிபட்டால் துப்பாக்கி - இப்படி ஒரு சட்டம் உலகில் எங்குமே நிலைக்காது. இன்னும் கிட்டத்தில் பாருங்கள். நம் தெருவில் சைக்கிள் திருட வந்தவன் என்று ஒருவனைப் பிடித்தால் மின்கம்பத்தில் கட்டுகிறோம். காவலர் வருமுன் நாலு பேர் கை வைக்கிறார்கள். அதில் நம் பிள்ளைகளும் நிற்கிறார்கள். கைபேசியில் படம் பிடிக்கிறார்கள்.

2025 ஜூன் மாதத்தில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தை அடுத்த மடப்புரத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கோயிலுக்கு வந்தவர்களின் காரிலிருந்து நகை காணாமற்போனதாகப் புகார். அக்கோயிலின் காவலாளியான இருபத்தேழு வயது இளைஞரைத் தனிப்படையினர் கொண்டுபோய் அடித்தார்கள். நகை எங்கே, நகை எங்கே என்று கேட்டே அடித்தார்கள். அவர் இறந்துபோனார். மருத்துவர்கள் உடலில் நாற்பதுக்கும் மேற்பட்ட காயங்களைக் கண்டார்கள். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போனது. அதற்கு ஐந்தாண்டுகள் முன்பு, 2020 ஜூனில், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்ததாகச் சாத்தான்குளத்தில் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தார்கள். மருத்துவரின் சான்றும் நீதித்துறை நடுவரின் உத்தரவும் பெற்றே அவர்கள் சிறைக்கு அனுப்பப்பட்டிருந்தனர். ஏட்டில் உள்ள பாதுகாப்பு, பார்க்கவேண்டியவர்கள் பார்க்காவிட்டால் ஏட்டிலேயே கிடக்கும்.

ஆகவே வீட்டிலுள்ளோர் சிலவற்றை அறிந்திருப்பது நல்லது. 1986இல் மேற்கு வங்கத்தின் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவர் டி.கே. பாசு, காவலில் நேரும் மரணங்களைப் பற்றி உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதமே வழக்காக ஏற்கப்பட்டு, 1996 டிசம்பர் 18ஆம் நாள் தீர்ப்பு வந்தது. பதினொரு கட்டளைகள். அவற்றுள் பலவும் இப்போது சட்டத்திலேயே சேர்ந்துவிட்டன. கைது செய்ய வருபவர் தம் பெயர் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு ஒன்றை எழுதி, நாளும் நேரமும் இட்டு, குடும்பத்தார் ஒருவரோ ஊரின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சியாகக் கையொப்பமிட வேண்டும். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை செய்யவேண்டும். விசாரணையின்போது, முழுநேரமும் இல்லாவிட்டாலும், வழக்கறிஞரைச் சந்திக்க உரிமை உண்டு. பயண நேரம் நீங்கலாக இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். பெண்களைத் தவிர்க்க முடியாத நிலையிலன்றிச் சூரியன் மறைந்தபின் கைது செய்யலாகாது.

நடுவர் முன் நிறுத்தும் அந்தச் சில நிமிடங்களே மிக முக்கியமானவை. அடிபட்டிருந்தால் அங்கேயே வாய் திறந்து சொல்ல வேண்டும், காட்ட வேண்டும். அச்சத்தால் பலர் பேசாமல் நின்றுவிடுகிறார்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்று கலங்கவேண்டியதில்லை. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம். ஜமாஅத் நிர்வாகிகள் இந்த எண்ணைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தால் எவருக்கும் நட்டமில்லை. தலாக் வழக்கும் மையவாடிக் கணக்கும் எழுதும் பலகைதானே!

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அல்லாஹ் அவருக்கு அருள் புரிவானாக. அவருடைய கேள்விக்கு அன்று நான் விடை சொல்லாமல் இருந்துவிட்டேன். இன்று கேட்டிருந்தால், கொன்றவனுக்கு உரிமை கேட்கவில்லை பாய், கொன்றவன் யார் என்று உறுதியாகத் தெரியவேண்டும் என்ற அந்தப் பெண்ணின் உரிமையைத்தான் கேட்கிறேன் என்று சொல்லியிருப்பேன். அவர் ஏற்றிருப்பாரோ, மாட்டாரோ. எளிதில் விடுகிறவரல்லர்.

சென்ற ஆண்டு ஒரு நிக்காஹ் வீட்டில் அந்த மாணவனைக் கண்டேன். முப்பதைத் தாண்டியவன், நல்ல நிலையில் இருக்கிறான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஸலாம் சொன்னான். கையைப் பற்றி நலம் விசாரித்தான். அவனருகே ஏழெட்டு வயதில் ஒரு பையன் நின்றான். முகம் தந்தையை உரித்து வைத்தது போல இருந்தது. எந்த மதரஸாவில் ஓதுகிறான் என்று கேட்டேன்.

"மதரஸாவுக்கு அனுப்பலை ஹஜ்ரத். வீட்டிலேயே அவங்க உம்மா ஓதிக் கொடுக்கிறாங்க" என்றான்.